திருமலையின் வலது கண்

பகலவன் வேலையை விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. அதற்குள் வடக்குப்பட்டில் பதினோரு பேருடைய மூஞ்சியைப் பலகையில் ஒட்டி முடித்துவிட்டான். வரைவதெல்லாம் கிடையாது, ஒட்டுவதுதான். டீக்கடைக்காரருக்குப் பால் கவரில் கன்னம். பஸ் கண்டக்டருக்கு டிக்கெட்டிலேயே சட்டை. தேய்ந்த பல் பிரஷ், புளியங்கொட்டை, மே மாதத் தேர்தல் போஸ்டரின் கிழிசல், கம்பெனியிலிருந்து டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வந்த இரும்பு வளையங்கள் என்று எது கையில் கிடைத்தாலும் அது யாருடைய மூக்காகவோ காதாகவோ ஆனது. மனைவி எழிலரசி காலையில் தாம்பரம் பக்கம் தையல் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டால், வீட்டில் அவனும் அந்த மூஞ்சிகளும்தான். ஊரில் ஒருவரும் அவனுக்கு வேலை தேடித் தரவில்லை. தன் மூஞ்சியைச் செய்யச் சொல்லி மட்டும் ஆள் மாற்றி ஆள் வந்தார்கள்.

அன்று கிளியம்மாளின் முறை. இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள், நாற்பதைத் தாண்டியவள். பகலவன் வேலை பார்த்த அதே கம்பெனியில், ஒரகடம் ரோட்டில், கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்குகிறாள். முகத்துக்கு வேண்டிய சாமானைத் தானே முந்தானையில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தேய்ந்த துடைப்பத்தின் குச்சிகள், மகளின் உடைந்த வளையல், சிவப்பு சோடா மூடி ஒன்று. மணி இரண்டரை. அவள் முதல் ஷிப்ட்டில் இருக்க வேண்டிய நேரம். ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, அப்புறம் சொல்கிறேன், நீ ஒட்டு என்றாள்.

அவன் அரால்டைட்டின் இரண்டு டியூபையும் சமமாகப் பிதுக்கிக் குழைத்தான். அரை மணியில் இறுகிவிடும் பசை. துடைப்பக் குச்சியைத் தலைமயிராக வைத்தான். சோடா மூடியைப் பொட்டாக வைத்தான். காதுக்கு இரண்டு இரும்பு வளையம். கழுத்துக்கு வளையல் துண்டுகள். வெற்றிலைக் காவி ஏறிய பல்லுக்குப் புளியங்கொட்டை. கிளியம்மாள் அதைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரில் சாய்த்திருந்த திருமலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருமலை கம்பெனியின் நைட் ஷிப்ட் சூப்பர்வைசர். பகலவன் முதலில் ஒட்டிய முகம் அவருடையதுதான். மெஷினில் நின்றபடியே பகலவன் கண்ணயர்ந்த ஒரு ராத்திரி, அந்த மனிதர் மெஷினைக் குளிரவைக்கும் கூலன்ட் தண்ணீரை மக்கில் மொண்டு அவன் முகத்தில் ஊற்றினார். "பேரு பகலவன், நைட்டுல தூங்கினா எப்படிடா" என்றார். லைன் முழுக்கச் சிரித்தது. விடிந்ததும் கார்டை அடித்துவிட்டு வந்தவன் திரும்பப் போகவில்லை. வந்த அன்றே பேக்கிங் பெட்டியின் கனத்த பலகை ஒன்றில் அவரை உட்கார வைத்துவிட்டான். செப்பு வயரில் தலைமுடி. உடைந்த ஹேக்ஸா பிளேடில் மீசை. சைக்கிள் பிரேக் கட்டையில் மூக்கு. எந்நேரமும் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருப்பவர் என்பதால் வாயில் ஒரு பேனா மூடி. கண்களுக்கு இரண்டு வளையம், நடுவில் கறுப்புச் சட்டைப் பித்தான். இடது கண் மங்கல். வலது கண்ணைத் துணியால் தேய்த்தபோது அது புதுக் காசுபோல் மின்னியது.

"ஒரு கண்ணு மட்டும் பளபளன்னு கீது பாரு," என்றாள் கிளியம்மாள். "அதுதான் எங்க மேலயே வச்சிருக்கிற கண்ணு."

பிறகு சொன்னாள். கம்பெனியில் மாஸ்டர் ரிங் ஒன்றைக் காணோமாம். அது என்ன என்று பகலவனுக்கு அவள் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கூட்டர் என்ஜினுக்குள் போகிற வளையங்களை அறுக்கிற கம்பெனி அது. ஷிப்ட் ஆரம்பத்தில் அந்த ஒரு வளையத்தை வைத்துத்தான் அளவுக் கருவியின் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துவார்கள். மற்ற ஆயிரம் வளையமும் சரியா தப்பா என்பதற்கு அதுதான் சாட்சி. ஸ்பேர் ஒன்று இருந்ததால் மூன்று வாரமாக யாரும் அதைத் தேடவில்லை. நேற்று ஆடிட் வந்தவர் இரண்டையும் மேஜைமேல் வை என்று சொல்லிவிட்டார். அளவு மேஜையைத் துடைப்பவளும், அளவு தப்பிய வளையங்கள் விழும் ரிஜெக்ட் தொட்டியைக் கவிழ்ப்பவளும் கிளியம்மாள். வாட்ச்மேன் பொஞ்சாதியைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, அவளுடைய ரவிக்கை வரைக்கும் அவிழ்த்துப் பார்த்தார்களாம். இன்று நாலு மணிச் சங்குக்குள் பொருள் வர வேண்டும், அதுவரைக்கும் அவள் வேலைக்கு வரக் கூடாது. வராவிட்டால் போலீஸ். மே மாதம் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததிலிருந்து இந்தப் பக்கம் செக்போஸ்ட்டும் விசாரணையுமாகக் கிடக்கிறது. இந்த நேரத்தில் ஸ்டேஷனுக்குப் போனால் எப்போது திரும்புவது என்று யாருக்குத் தெரியும்.

"இன்னாத்த தேடுறதுன்னே எனக்குத் தெரியல. ரிங்கு, ரிங்குன்றானுங்க. அங்க இருக்கிறது பூராவும் ரிங்கு."

பகலவன் கையிலிருந்த புளியங்கொட்டையைக் கீழே வைத்தான்.

அந்தக் கடைசி ராத்திரி மாஸ்டரை வைத்து முள்ளைச் சரிபார்த்தது அவன்தான். கண் எரிந்துகொண்டிருந்தது. சரிபார்த்துவிட்டு அதை அதற்குரிய மரப்பெட்டியில் வைத்தானா? கை போன பக்கம் வைத்தான். கை போன பக்கம் ரிஜெக்ட் தட்டு இருந்தது. காலையில் வழக்கம்போல அதே தட்டிலிருந்து ஒரு கை அள்ளி டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டான். ரிஜெக்ட்தானே என்று கேட்டில் யாரும் கேட்பதில்லை. வீட்டில் வலது கண்ணைத் தேய்த்தபோது இது ரொம்ப நல்லா கடைஞ்ச பீஸா இருக்கே என்று ஒரு நினைப்பு ஓடத்தான் செய்தது. அதைப் பிடித்து நிறுத்தி அவன் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. வேலையை விட்டவனுக்கு எதற்கு அந்தக் கேள்வி.

வெளிச்சம் கண்ணில் படுகிறது என்று சொல்லிக்கொண்டே எழுந்தான். திருமலையைத் தூக்கிச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தான். திருப்பும்போது கட்டைவிரலை வலது கண்ணின் உட்சுவரில் ஓட்டினான். மற்ற வளையங்களில் உளி போன தடம் நகத்தில் தட்டும். இதில் எதுவும் தட்டவில்லை. எண்ணெய் தடவிய கண்ணாடிபோல் வழுக்கியது.

"ஏன் திருப்பின? அவன் மூஞ்சியப் பாத்தாதான் எனக்குச் சிரிப்பு வருது," என்றாள் அவள்.

அவன் உட்கார்ந்து புளியங்கொட்டையைப் பொறுக்கினான். ஏரியில் எறிந்துவிட்டால் முடிந்தது. ஆனால் இவள் முடிய மாட்டாள். எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தால் திருடன் என்பார்கள். இந்த ரோட்டில் இருக்கிற நாலைந்து கம்பெனியிலும் திருமலைக்குத் தெரிந்த ஆள் இருக்கிறான். மணி மூன்றாகப் பத்து நிமிடம்.

"பகலவா, நீ மெஷின்ல நின்னவன். அத மாதிரி ஒண்ண நீ பாத்திருக்கியா?"

"இல்லக்கா," என்றான்.

சொன்ன வேகம் அவனுக்கே பிடிக்கவில்லை. அவள் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் தன் முகம் உருவாவதைப் பார்த்தாள். பிறகு இன்னும் ஒட்டாமல் கிடந்த வளையம் ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். சைஸ் இதுதான் இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்றான். அப்புறம் எப்படி அதைத் தனியாகக் கண்டுபிடிப்பார்கள் என்றாள். வேலை தெரிந்தவனுக்கு இருக்கிற வியாதி அது. கேள்வி சரியாக இருந்தால் பதிலும் சரியாக வந்துவிடும்.

"இது சொரசொரன்னு மங்கலா இருக்கும். அது கண்ணாடி மாதிரி மின்னும்," என்றான்.

சொல்லி முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது. கிளியம்மாள் வளையத்தைக் கீழே வைத்தாள். எழுந்தாள். சுவரோரம் போய்த் திருமலையைத் திருப்பினாள். வலது கண்ணைப் பார்த்தபடி நின்றாள்.

"அதான் திருப்பி வச்சியா."

அவள் கத்தியிருந்தால் அவனும் ஏதாவது கத்தியிருப்பான். அவள் கத்தவில்லை. அவன் தன் தரப்பை உளறிக் கொட்டினான். தூக்கக் கலக்கம், தெரியாமல் அள்ளியது, இப்போதுதான் புரிந்தது. கத்தியை எடுத்து நெம்பப் போனான். வளையம் அசையவில்லை. ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காட்டினால் பசை இளகிவிடும். திரியை ஏற்றப் போனவன் நிறுத்தினான். நெருப்பில் காட்டினால் இரும்பு அளவு மாறும். ஒரு மயிரிழை மாறினாலும் அது மாஸ்டர் இல்லை, வெறும் வளையம். வெறும் வளையத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கிளியம்மாள் செட்டப் செய்து எடுத்து வந்தாள் என்பார்கள். கண்ணைச் சுற்றிப் பலகையை அறுத்து அந்தத் துண்டை மட்டும் கொடுத்துவிடலாம் என்றான். பிளேடுக்காக மீசைப் பக்கம் கையை நீட்டினான்.

அவள் பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ அறுக்கவும் வாணாம், நெம்பவும் வாணாம். அப்படியே தூக்கு."

"அக்கா, இந்த மூஞ்சிய அவர்கிட்டயே எப்படி எடுத்துக்கினு போறது?"

"என்னையே அவுத்துப் பாத்தாங்களே. அத விடவா?"

பகலவன் சைக்கிளை எடுத்தான். அவள் பின்னால் கேரியரில் உட்கார்ந்து பலகையை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். பலகை அவன் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. வழியில் ஒரு லாரி கிளீனர் பார்த்துவிட்டு விசில் அடித்தான். கூட்டு ரோட்டில் செக்போஸ்ட்டு. வயரும் இரும்புமாக ஒரு சாமானைப் பார்த்ததும் கான்ஸ்டபிள் தடியை நீட்டி மறித்தார். என்ன இது என்று கேட்டார்.

"எங்க சூப்பர்வைசர் சார்," என்றாள் கிளியம்மாள்.

கான்ஸ்டபிள் வயர்த் தலையைத் தடி நுனியால் கிளறினார். பலகையின் பின்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி முன்பக்கத்தைப் பார்த்தார். பேனா மூடியைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு, போ என்று கையைக் காட்டினார். அங்கே நாலு நிமிடம் போயிற்று.

கம்பெனி கேட்டில் இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் கூடியிருந்தார்கள். வாட்ச்மேன் அப்பாவு பலகையைப் பார்த்தார். யாருடைய முகம் என்று யாரும் கேட்கவில்லை. ஒருவன் சிரித்தான். பக்கத்திலிருந்தவன் அவனை இடித்தான். அப்புறம் இடித்தவனே சிரித்தான். நைட் ஷிப்ட் ஆளான திருமலை இந்த விவகாரத்துக்காகப் பகலிலேயே வந்து உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் அறையிலிருந்து பேனாவைக் கடித்துக்கொண்டே வந்தவர், பலகையைக் கண்டதும் நின்றார். அவர் கை மெதுவாக மேலே போய் வாயிலிருந்த பேனாவை எடுத்தது. கேட்டில் ஒருவரும் இப்போது சிரிக்கவில்லை.

பகலவன் சொல்ல வேண்டியதைச் சொன்னான். மாஸ்டர் அந்த வலது கண்தான். தப்பு தன்னுடையது. கிளியம்மாளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நெருப்பில் காட்டவில்லை, தட்டவில்லை.

திருமலை அளவுப் பிரிவில் இருக்கும் பாபுவைக் கூப்பிட்டார். பாபு பலகையை உள்ளே எடுத்துப்போய் வைஸ் இடுக்கியில் கவ்வவைத்து, கண்ணைச் சுற்றிச் சதுரமாக அறுத்தான். பித்தானை ஊசியால் நெம்பி எறிந்தான். மரத்துண்டோடு சேர்த்து அந்த வளையத்தை மேஜையில் வைத்து, ஸ்பேரில் பூஜ்யம் நிறுத்திய அளவுக் கருவியை அதற்குள் விட்டான். கேட் கம்பி வழியாகப் பகலவனுக்கு முள் தெரியவில்லை. பாபுவின் பிடரி மட்டும் தெரிந்தது. சங்கு ஊதியது. யாரும் உள்ளே போகவில்லை. பாபு நிமிர்ந்து திருமலையைப் பார்த்து ஒருமுறை தலையாட்டினான்.

அதற்கப்புறம் காகிதம் வந்தது. கம்பெனிப் பொருளை அனுமதியில்லாமல் எடுத்துச் சென்றேன் என்று எழுதச் சொன்னார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டான். அந்தக் காகிதம் எங்கெங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும். இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் இனி எந்த கேட்டிலும் அவனை நிற்க விட மாட்டார்கள். திருமலை காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பலகையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே சாய்த்தார். வலது கண் இருந்த இடத்தில் சதுர ஓட்டை.

"மூக்கு எனக்கு இவ்ளோ பெருசு இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிளியம்மாளை உள்ளே விட்டார்கள். விட்டுப்போன பகலுக்கு இப்போது கூட்ட வேண்டும் என்றார்கள். மன்னிப்பு மாதிரி எதையும் யாரும் சொல்லவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டவள் ஒரு நிமிடம் கேட்டுக்குத் திரும்பி வந்தாள். தன்னைப் பாராட்டத்தான் வருகிறாள் என்று பகலவனுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது.

"கேட்டேன், இல்லன்ன," என்றாள். "நானா பாக்கலைன்னா?"

அவள் துடைப்பத்தைக் கைமாற்றிக்கொண்டாள்.

"என் மூஞ்சிய முடிக்காத. வளையல் துண்ட எடுத்து வையி, என் பொண்ணோடது."

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெயில் இருந்தது. எழிலரசி வர ஒரு மணி நேரமாவது ஆகும். கிளியம்மாளின் முகம் தரையில் கிடந்தது. மயிர் இருந்தது, பொட்டு இருந்தது, காது இருந்தது, பாதிப் பல் இருந்தது. கண் இன்னும் வைக்கவில்லை. கழுத்தில் பதித்திருந்த வளையல் துண்டைக் கத்தியால் நெம்பினான். பசை கல்லாகியிருந்தது. கண்ணாடி முனை உடைந்து விரலைக் கீறியதுதான் மிச்சம்.

இதை நெருப்பில் காட்டலாம். இதில் அளவு மாறிக் கெட்டுப்போக எதுவும் இல்லை. ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பலகையைச் சாய்த்துப் பிடித்தான். துடைப்பக் குச்சி கருகி நாற்றமடித்தது. முதலில் வளையல் துண்டுகள் ஒவ்வொன்றாக நழுவின, அவற்றைத் துணியில் பொறுக்கி வைத்தான். கடைசியில் இடது காது கழன்று தரையில் உருண்டது. சூடு ஆறக் காத்திருந்து எடுத்தான். பழக்கத்தில் கட்டைவிரல் உள்ளே போய்ச் சுற்றியது.

உளித் தடம் நகத்தில் தட்டியது. ரிஜெக்ட்தான்.