நாற்பத்தொன்றாவது வரி

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஹாஜிராவின் கம்ப்யூட்டர் திரை முழுவதும் மஞ்சளாகிவிட்டது.

தில்லைநகரில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்தகத்தில் அவளுக்கு வேலை. மாத்திரையோடு நோயாளிகளுக்குக் கொடுக்கும் தமிழ்ச் சீட்டுகளின் வாசகங்களை எக்செல்லில் வைத்திருப்பது அவள் பொறுப்பு. போன வியாழக்கிழமை அவற்றைப் புதிய பட்டியலுக்கு மாற்றினாள்; அன்று முதல் சீட்டுகள் அதிலிருந்தே அச்சாயின. சரிபார்க்க இன்றுதான் நேரம் கிடைத்தது. இடது பக்கம் டாக்டர் ஒப்புதல் தந்த பழைய வாசகம், வலது பக்கம் அவள் ஒட்டிய புதியது. ஒத்துப்போகாத வரிகளை மஞ்சளாகக் காட்டச் சொன்னால், நூற்றிருபது வரிகளும் மஞ்சள்.

கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. பிறகுதான் புரிந்தது: ஒட்டும்போது ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஓர் இடைவெளி சேர்ந்துவிட்டிருக்கிறது. அதை நீக்கும் ஃபார்முலாவைப் போட்டாள். மஞ்சள் மளமளவென்று மறைந்து மூன்று வரிகளில் மட்டும் நின்றது. ஒன்றில் கமா விட்டுப்போயிருந்தது. இன்னொன்றில் எழுத்துப்பிழை. நாற்பத்தொன்றாவது வரியை அவள் இரண்டு முறை படித்தாள்.

இடது பக்கம், ‘வாரத்தில் ஒரு நாள் மட்டும், ஒரு மாத்திரை.’ வலது பக்கம், ‘தினமும் காலை, ஒரு மாத்திரை.’

அது மூட்டுவாத மாத்திரை. தினமும் விழுங்கினால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. அடுத்த வரியில் இருந்த வேறு மருந்தின் வாசகத்தை இங்கே ஒட்டியிருக்கிறாள். இப்போதே மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் சீட்டு வெளியே போயிருக்குமே! எழுந்து தலைமை மருந்தாளுநர் பிலோமின்ராஜிடம் ஓடினாள்.

“சார், வியாழக்கிழமையிலேருந்து இந்த மாத்திரை யாருக்கெல்லாம் போச்சு?”

“ஏம்மா, என்னாச்சு?”

“சீட்டுல தப்பா ஒட்டிட்டேன் சார். தினமும்னு போயிருக்கு.”

அவர் எழுந்தார். மறுபடி உட்கார்ந்து விற்பனைப் பதிவைத் திறந்தார். பதிவில் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் போனை எடுத்தார்கள். இருவரும் பழைய வழக்கப்படி வாரத்துக்கு ஒன்றுதான் போட்டிருந்தார்கள். மூன்றாவது கமலவல்லி, வயது அறுபத்தொன்று, ஸ்ரீரங்கம். வியாழக்கிழமைதான் முதல்முறை வாங்கியிருந்தார். ஐந்து தடவை அடித்தும் எடுக்கவில்லை.

“நீ நேர்ல போய்ப் பாரும்மா. நான் டாக்டர்கிட்ட சொல்லிடறேன்.”

ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. ‘யா அல்லாஹ், அந்தம்மா போட்டிருக்கக் கூடாது’ என்று அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. சித்திரை வீதியில் கதவைத் திறந்தவர் கமலவல்லியின் கணவர் ஸ்ரீரங்கராஜன்.

“ஹாஸ்பிடல்லேருந்து வரேங்க. போன் எடுக்கலையே...”

“சைலன்ட்ல கெடந்திருக்கும். அவளுக்கு ரெண்டு நாளா வாயெல்லாம் புண்ணும்மா. தயிர்சாதம்கூட எறங்கலை. உஷ்ணம்னு நெனச்சிண்டிருக்கேன்.”

உள்ளே கமலவல்லி வாயில் துண்டை ஒற்றிக்கொண்டு படுத்திருந்தார். மாத்திரை அட்டையில் ஐந்து குழிகள் காலி.

“சீட்டுல போட்டிருக்கறபடியே... ஒருநாள்கூட விடலை” என்றார், வலியோடு.

ஹாஜிரா கட்டிலருகே குனிந்தாள். “அம்மா, உங்க மேல தப்பே இல்லைங்க. வாரத்துக்கு ஒண்ணுதான். நான் தப்பா போட்டுட்டேன். இப்பவே கிளம்புங்க.”

ஸ்ரீரங்கராஜன் அவளையே பார்த்தார். செருப்பைத் தேடப் போனார்.

மருத்துவமனையில் பார்த்தபோது ரத்த அணுக்கள் பாதிக்கும் கீழே போயிருந்தன. தனி அறையில் வைத்து, மாத்திரையின் நஞ்சை முறிக்கும் மருந்து ஏற்றினார்கள். ஹாஜிராவை விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். ஆனாலும் அவள் தினமும் வந்து அறைக்கு வெளியே நின்றாள். இரண்டாம் நாள் எண்ணிக்கை இன்னும் இறங்கியது. மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. நர்ஸ் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவளுக்கு உயிர் போய் வந்தது.

ஆறாம் நாள் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. ஒன்பதாம் நாள் கமலவல்லி ரசம்சாதம் சாப்பிட்டார். ஸ்ரீரங்கராஜன் வெளியே வந்தார்.

“உம்மேல கோபமே இல்லைன்னா அது பொய்ம்மா. ஆனா அன்னிக்கு நீ வராம இருந்திருந்தா, நான் மறுநாளும் அவளுக்கு எடுத்துக் குடுத்திருப்பேன். நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறா. நீ போய்த் தூங்கு.”

ஹாஜிரா பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தாள். இரண்டு பஸ்களைப் போகவிட்டு மூன்றாவதில் ஏறினாள்.