வெள்ளை அலை

பீலெஃபெல்ட் நகரில் அந்தத் தேவாலய முற்றத்துக்கு, அங்கே குடியேறிய போர்த்துக்கீசர் தங்கள் ஊர்ப் பழைய தெருக்களைப் போலவே கல் பதித்திருந்தார்கள். சின்னச் சின்னக் கற்கள். ஒரு வெள்ளை அலை, பக்கத்தில் ஒரு கறுப்பு அலை என்று வாசல்வரை நெளிந்து போகும். வடிவுதான், ஆனால் உற்றுப் பார்த்தால் தரை அசைகிறது போலிருக்கும். அன்ரனிற்றாவுக்கு முதல் நாளே அது பிடிக்கவில்லை.

அவள் புருஷன் றெக்ஸுக்கு வசந்தத்தில்தான் முழங்கால் ஒப்பரேஷன் நடந்தது. இன்னொருமுறை விழுந்தால் நடப்பது சந்தேகம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மனுஷன் கேட்டால்தானே! மாதா திருநாளுக்கு, சொரூபத்தை வைத்து நாலு பேர் தோளில் சுமக்கும் கூட்டின் முன்தடியைத் தானே தூக்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். உருப்படியாக இருந்ததும் அந்த ஒற்றைக்கால்தான்.

அவன் விழக்கூடாதென்று அவள் நேர்த்தி வைத்தாள். சனிக்கிழமை பின்னேரப் பூசை முடிந்ததும் முற்றம் நீளத்துக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். மாதாவுக்குக் கறுப்பிலா வைப்பது? வெள்ளை அலையிலேயே வைத்தாள். எரிந்து முடிந்தபின் மெழுகைச் சுரண்டி, மிச்சத்தைத் துணியால் அழுத்தித் தேய்த்துவிட்டாள். கல் பளபளத்தது. பாவி மனசுக்குப் பெருமை வேறு.

ஞாயிறு தூறலோடு விடிந்தது. பவனி தெருவைச் சுற்றித் திரும்பியபோது, கூட்டுக்கு முன்னால் வந்த அன்ரனிற்றா வெறுங்காலை வெள்ளையில் வைத்தாள். சவர்க்காரம் பூசியதுபோல வழுக்கியது. கறுப்பில் வைத்தாள்; சொரசொரவென்று காலைப் பிடித்தது. தான் என்ன செய்து வைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் விளங்கியது.

கூடு முற்றத்தின் விளிம்புக்கு வந்துவிட்டது. பவனியை நடத்தும் அல்பேர்ட் அண்ணை கையைக் காட்டினார்.

"தம்பிமார், மாதாவைக் கறுப்பால கொண்டு போகாதேங்கோ. வெள்ளையால வாங்கோ!"

"இஞ்சேருங்கோ! வெள்ளையில வேண்டாம்! கறுப்பில வாங்கோ!" என்று அன்ரனிற்றா கத்தினாள்.

பவனியோடு வந்த பாண்ட் சத்தத்தில் மிச்சமெல்லாம் அமுங்கிப்போக, அவள் அவனைக் கூப்பிடும் 'இஞ்சேருங்கோ' மட்டும் றெக்ஸின் காதில் விழுந்தது. அதைக் கேட்டு அவன் திரும்பாத நாளில்லை. அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, வெட்டித் தைத்த காலை வெள்ளையில் வைத்தான்.

கூடு சாய்ந்தது. மற்ற மூன்று பேரும் மாதாவைத் தாங்கிவிட்டார்கள். றெக்ஸின் முழங்கால் கல்லில் மோதிய சத்தம் பாண்டையும் மீறிக் கேட்டது.

அவள் ஓடிப்போய் அவன் தலையை மடியில் எடுத்தாள். வலியில் அவன் முகம் வெளுத்திருந்தது.

"அழாதையும்" என்றான். "நீர் நேர்த்தி வைச்சனீர்தானே. ஒண்டும் நடக்காது."