தளபதி வாய் திறந்த நாள்

வண்ணக்காரருக்கு வாய்த்த முகம் ஒன்று, குரல் இன்னொன்று. முகத்தைப் பார்த்தவர்கள் தங்களை அறியாமல் வழிவிட்டு நிற்பார்கள். கழுகு மூக்கு, அடர்ந்த புருவம், எதிரே நிற்பவரின் முதுகுவரை துளைத்துக்கொண்டு போகும் பார்வை. ஆனால் வாயைத் திறந்தாரோ, பள்ளிக்கூடம் போகும் சின்னப்பெண் பேசுவதுபோல மெல்லிசாக ஒரு கீச்சுக்குரல் வரும். வழிவிட்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நிற்பார்கள்.

பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் வேலை அவருக்கு. நிற அட்டையைப் பார்த்து வாடிக்கையாளர் விரல் வைக்கும் நிறத்தை டின்னுக்குள் கொண்டுவந்துவிடுவார். தொலைபேசிப் பக்கம் மட்டும் போகமாட்டார். எடுத்தால் எதிர்முனையில் "சொல்லுங்க மேடம்" என்பார்கள். முதலாளியே ஒருநாள், "நீங்க ஃபோனை எடுக்காதீங்க, வீணா எதுக்கு?" என்று தன்மையாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அது மணியடித்தால் அவர் டின்னைக் குலுக்கத் தொடங்கிவிடுவார்.

வெளியுலகத்தோடு அவருக்காகப் பேசியதெல்லாம் மனைவிதான். குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் காலை முதல் மாலைவரை தொலைபேசியில் பேசுவது அவளுடைய உத்தியோகம். வங்கிக்குப் போனாலும் மருத்துவமனைக்குப் போனாலும் அவர் பக்கத்தில் தூண் மாதிரி நிற்பார், அவள் பேசுவாள்.

அந்தக் கடைக்குத்தான் ஒருநாள் தொலைக்காட்சி இயக்குநர் ஒருவர் வந்தார். தெர்மக்கோலில் கோட்டை கட்டியிருக்கிறார்களாம், அதற்குக் கருங்கல் நிறத்தில் பெயிண்ட் வேண்டும். நிறத்தைச் சொல்ல நிமிர்ந்தவர் வண்ணக்காரரின் முகத்தைப் பார்த்தார். பெயிண்ட் மறந்துபோயிற்று.

"சார், நீங்க குதிரை ஏறுவீங்களா?"

வண்ணக்காரர் தலையை ஆட்டி இல்லையென்றார்.

"பரவாயில்ல, ஏத்தி விடுறோம். பேசவே வேண்டாம். முறைச்சாப் போதும்."

பேசவே வேண்டாம் என்ற சொல்தான் அவரை இழுத்தது.

பாதி பாடம், பாதி நாடகம் என்று தொலைக்காட்சியில் வருமே, அந்த வகை நிகழ்ச்சி அது. புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பேராசிரியர் வரலாறு சொல்வார். நடுநடுவே நடிகர்கள் குதிரையில் போவார்கள், வாளை உருவுவார்கள், வரைபடத்தின்மேல் குனிந்து நிற்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கம்பீரமான குரல் கதையை நடத்திக்கொண்டு போகும். புகழ்பெற்ற படைத்தலைவர்களை ஒவ்வொருவராக எடுத்து அந்தத் தொலைக்காட்சி காட்டிக்கொண்டிருந்தது. இந்த முறை எடுத்துக்கொண்டவர் பல நூறு ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்தவர். போன இடமெல்லாம் வென்றவர், கடைசியில் சொந்த அரசராலேயே விசாரணைக்கு நிறுத்தப்பட்டவர். ஆறு பாகம்.

மூடிக்கிடந்த ஒரு செங்கல் சூளைதான் போர்க்களம். படை என்று சொல்ல நாற்பது பேர். காலையில் சிவப்புக் கச்சை கட்டிக்கொண்டு தாக்குவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அதே ஆட்கள் நீலக் கச்சை கட்டிக்கொண்டு தாக்கப்படுவார்கள். "காலையில நான் குத்தினது என்னையேதாண்ணே" என்று ஒரு சிப்பாய் விலாவைத் தடவிக்காட்டுவான். தளபதியின் குதிரை, சவாரிப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு கிழட்டுப் பெண்குதிரை. கேமராவுக்கு வெளியே ஒருவர் கேரட்டைக் காட்டிக்கொண்டு ஓடினால்தான் அது எதிரியின் மேல் பாயும்.

அங்கே யாரும் வண்ணக்காரரின் பெயரைக் கேட்கவில்லை. "முகம் வந்தாச்சா?" என்பார்கள். "முகத்துக்கு டீ குடுத்தாச்சா?" என்பார்கள். கதை சொல்பவருக்குப் பெயர் 'குரல்'. அவர் எங்கோ நகரத்துக்கு நடுவில், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து தனியாகப் பேசிக்கொடுப்பார். முகமும் குரலும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

முதல் பாகம் ஒளிபரப்பானதும் தெருவே மாறிப்போயிற்று. பேருந்தில் எழுந்து இடம் கொடுத்தார்கள். எதிர்வீட்டுக்காரர், முன்பெல்லாம் குப்பைக்கூடைக்காகச் சண்டைக்கு வருகிறவர், இப்போது சல்யூட் அடித்தார். தயாரிப்பாளர் அம்மா வண்ணக்காரரை அலுவலகத்துக்கு வரவழைத்து, ஜூஸ் கொடுத்து, ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

"வெளியில எங்கேயும் பேசிடாதீங்க. கையை ஆட்டுங்க, சிரிங்க, கெளம்பிடுங்க. நீங்க வாயைத் திறந்தா எல்லாம் போச்சு. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? வாழ்நாளெல்லாம் கேட்டதுதானே. கடைத் திறப்பு விழாக்களுக்குக் கூப்பிட்டார்கள். போனார், கையை ஆட்டினார், வந்தார்.

ஆறாம் பாகத்தின் வசனத்தாள் வீட்டுக்கு வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. விசாரணைக் காட்சி. சரணடைந்த ஒரு நகரத்தைக் கொளுத்தச் சொல்லி அரசர் ஆணையிட்டார், தளபதி மறுத்தார். அதற்குத்தான் விசாரணை. அங்கே அவர் பேசியதை அரசவை எழுத்தர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார் என்றும், அதையே இங்கே எடுத்துக்கொண்டிருப்பதாகவும் பேராசிரியரின் குறிப்பு சொன்னது.

சமையலறையில் நின்று வண்ணக்காரர் அதைப் படித்தார். முதலில் மனதுக்குள். பிறகு வாய்விட்டு.

"நகரம் சரணடைந்தது. கதவைத் திறந்துவிட்டவர்களின் கூரையில் தீ வைக்கச் சொன்னீர்கள். மாட்டேன் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் மாட்டேன் என்றுதான் சொல்வேன். தண்டனை உண்டென்றால் கொடுங்கள். மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருக்காதீர்கள்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.

"இதை நீங்களா பேசப் போறீங்க?"

"இல்ல. நான் வாயசைக்கணும். பேசுறது அந்தக் குரல்காரர்."

"உங்களுக்கு எப்படி இருக்கு?"

அவர் தாளை மடித்தார். "தொண்டையில மீன்முள்ளு மாட்டினாப்ல இருக்கு."

"அப்ப துப்பிடுங்க."

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே. இவ்வளவு நாளா சிரிக்காமலா இருக்காங்க? கல்யாணம் ஆனதுலேருந்து உங்களுக்கும் சேத்து நானே பேசி அலுத்துப்போச்சு. இந்த ஒண்ணை நான் பேச முடியாது. நீங்கதான் பேசணும்."

படப்பிடிப்பு அன்று சூளைக்குள் அரசவை போட்டிருந்தார்கள். மரப்பலகையில் சிம்மாசனம், சுற்றிலும் சிவப்புத் துணி. நாற்பது சிப்பாய்களும் அன்று அரசவைப் பிரபுக்கள். வண்ணக்காரரின் கையில் நிஜமான இரும்புச் சங்கிலி, அது மட்டும் வாடகைக்கு எடுத்தது.

"ஆரம்பிக்கலாமா? வாயை மட்டும் அசைங்க, டப்பிங்ல குரல் போட்டுக்கலாம்" என்றார் இயக்குநர்.

கேமரா ஓடியது. வண்ணக்காரர் வாயை அசைக்கவில்லை, பேசினார். "நகரம் சரணடைந்தது" என்று அந்த மெல்லிய குரல் புறப்பட்டதும் பிரபுக்களில் ஒருவன் குபீரென்று சிரித்தான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர். இயக்குநர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"சார், சத்தம் வேணாம். சும்மா அசைச்சாப் போதும்."

"மாட்டேன்."

"என்ன?"

"சும்மா அசைக்கமாட்டேன். நானே பேசுறேன். என் குரல்லேயே வரட்டும்."

இயக்குநர் அவர் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போகப் பார்த்தார். வண்ணக்காரர் நகரவில்லை. அப்படியே சிம்மாசனத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். சங்கிலி சலசலத்தது.

"அண்ணே, விளையாடாதீங்க. அடுத்த வாரம் ஒளிபரப்பு."

"தெரியும்."

"வேற ஆளை வெச்சு எடுத்துடுவோம்."

"எடுங்க. அஞ்சு பாகமா இந்த மூக்கைத்தான் பார்த்திருக்காங்க. அதுக்கு எங்க போவீங்க?"

போய்ப் பார்க்கத்தான் செய்தார்கள். உயரமாக இருந்த ஒரு சிப்பாயைப் பிடித்து, மெழுகில் மூக்கு ஒட்டி, மேலங்கியை மாட்டிப் பக்கவாட்டில் நிறுத்தினார்கள். விளக்கைப் போட்டதும் மூக்கு இளகி மேலுதட்டை நோக்கி இறங்கத் தொடங்கியது. இரண்டாவது முறை ஒட்டியதும் அதே கதிதான். "அரிக்குது சார், நான் பிரபுவாவே இருந்துக்கிறேன்" என்று அவன் பிய்த்துப் போட்டுவிட்டான்.

தயாரிப்பாளர் அம்மா காரில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து இறங்கினார். கூடவே, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெந்நீர்க் குடுவையோடு ஒரு குள்ளமான மனிதர். பேசியபிறகுதான் தெரிந்தது, அவர்தான் குரல். நேரில் வந்து எடுத்துச் சொன்னால் கேட்பார் என்று கூட்டிவந்திருந்தார்கள்.

"உங்களை யாருன்னு நாலு பேருக்குத் தெரிய வெச்சது நாங்க" என்றார் தயாரிப்பாளர் அம்மா. "அந்த நன்றி வேண்டாமா?"

"தெரிய வெச்சது என் முகத்தைம்மா. அதுக்கு நன்றி சொல்றேன். ஆனா இது முகத்தோட வசனம் இல்ல. ஒரு மனுஷன் முடியாதுன்னு சொல்ற வசனம். அதை இன்னொருத்தர் தொண்டையில சொல்லிட்டு நான் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கணுமா?"

"தளபதின்னா ஒரு கம்பீரம் வேணும். உங்க குரல்ல அவரைக் கேட்டா ஜனங்க சிரிக்கும். இது வரலாறு."

"அவர் குரல் எப்படி இருந்துச்சுன்னு வரலாறு சொல்லுதா?"

தயாரிப்பாளர் அம்மா அங்கேயே பேராசிரியரைத் தொலைபேசியில் பிடித்தார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டிவைத்தார். அது அவர் செய்த தவறு.

"குரலா?" என்றார் பேராசிரியர். "அதைப்பத்தி ஒரு குறிப்பும் கிடையாதும்மா. கட்டையோ கீச்சோ, யாருக்குத் தெரியும்? அவர் பேசினப்போ சபை அமைதியா இருந்ததுன்னு மட்டும் எழுத்தர் எழுதியிருக்கார்."

பிரபுக்களுக்கு நடுவே ஒரு முணுமுணுப்பு ஓடியது. குரல்காரர் குடுவையைத் திறந்து ஒரு வாய் வெந்நீர் குடித்தார். பிறகு வண்ணக்காரருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"இந்த வசனத்தை நேத்து பேசிப் பார்த்தேன்" என்றார். சூளைச் சுவரே அதிர்வதுபோன்ற குரல். "நல்லா இருந்துச்சு. ஆனா ஏதோ பரிசு வாங்க மேடையேறினவன் பேசுறாப்ல இருந்துச்சு. நீங்க ஒருதடவை பேசுங்க, கேப்போம்."

வண்ணக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசிக்காட்டினார். குரல்காரர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். எழுந்து துண்டை உதறினார்.

"அம்மா, இவர் குரலுக்கு மேல என் குரலைப் போடமாட்டேன். மத்ததெல்லாம் பேசித் தர்றேன்."

தயாரிப்பாளர் அம்மாவுக்கு முகம் சிவந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இயக்குநரைப் பார்த்தார். "சரி, எடுத்துத் தொலைங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம் என்ன பாப்பீங்க?" என்றார் வண்ணக்காரர், இன்னும் எழுந்திருக்காமல். "வேற யாரையாவது வெச்சு மாத்தமாட்டோம்னு சொல்லுங்க. தனியா வேணாம். இவங்க எல்லார் முன்னாடியும்."

தயாரிப்பாளர் அம்மாவிடம் அப்படி யாரும் கேட்டதில்லை போலும். நாற்பது பிரபுக்களும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மாத்தமாட்டோம்" என்றார், கசப்பு மருந்தை விழுங்குகிறவர்போல.

வண்ணக்காரர் எழுந்தார். கால் மரத்துப்போயிருந்தது. கேமரா ஓடத் தொடங்கியதும் சங்கிலியை இறுகப் பிடித்துக்கொண்டார். எங்கே மறுபடி யாராவது சிரித்துவிடுவார்களோ என்று ஒரு கணம் பார்வை பிரபுக்கள் பக்கம் போயிற்று. சிரித்தால் சிரிக்கட்டும் என்று அரசரைப் பார்த்தார்.

பேசினார். குரலை அமுக்கிக் கட்டையாக்கிக்கொள்ள அவர் முயலவில்லை. அது எப்போதும்போல மெல்லிசாகத்தான் வந்தது. 'கூரையில்' என்ற இடத்தில் கொஞ்சம் உடைந்தது. 'மாட்டேன்' என்ற சொல் மட்டும் கூரான ஊசிபோல நேராகப் போயிற்று. சொல்லிமுடித்ததும் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அரசராக நடித்தவர் தன் வசனத்தை மறந்து உட்கார்ந்திருந்தார். இயக்குநர் அதையும் அப்படியே வைத்துக்கொண்டார்.

ஆறாம் பாகம் ஒளிபரப்பானது. கொடுத்த வாக்கைத் தயாரிப்பாளர் அம்மா காப்பாற்றினார். ஊர் முழுக்கக் கைதட்டியது என்று சொன்னால் அது பொய். எக்கச்சக்கமாகச் சிரித்தார்கள். 'தளபதியா, தளபதியின் மகளா?' என்று கைபேசியில் படம்போட்டு அனுப்பிக்கொண்டார்கள். எதிர்வீட்டுக்காரர் சல்யூட்டை நிறுத்திக்கொண்டு குப்பைக்கூடையை மறுபடி கையிலெடுத்தார். தொலைக்காட்சிக்கு வந்த அழைப்புகளில் பாதி வசவு. மீதிப் பாதியில் சிலர், அந்த இடத்தில் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் பார்த்தோம் என்று சொன்னார்களாம். தன்னுடைய மகனுக்கும் இதே குரல்தான், அவன் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறான் என்று ஒரு பெண் அழுதிருக்கிறாள். இதை இயக்குநரே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். கடைத் தொலைபேசிதான். அன்று அதை எடுத்தது வண்ணக்காரர்.

"அண்ணே, அடுத்த தொடர் ஆரம்பிக்கிறோம்" என்றார் இயக்குநர். "இன்னொரு பெரிய தளபதி. கடற்படை. உங்க முகம்தான் வேணும்னு மேலிடத்துலயே சொல்றாங்க. ஆனா இந்தத் தடவை எழுத்துலயே கேப்பாங்க, நீங்க பேசக்கூடாதுன்னு. என்ன சொல்றீங்க?"

கடையில் வாடிக்கையாளர்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். முதலாளியும் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வண்ணக்காரர் குரலைத் தாழ்த்தவில்லை.

"முகம் மட்டும் போதும்னா ஒரு போட்டோ அனுப்பி வைக்கிறேன், கப்பல்ல ஒட்டிக்கோங்க. நான் வரணும்னா குரலும் கூடத்தான் வரும்."

அந்தப் பக்கம் இயக்குநர் பெருமூச்சு விட்டார். "கேட்டுப் பாக்கிறேண்ணே. ஒத்துக்கமாட்டாங்க."

"ஒத்துக்காட்டிப் போகட்டும்."

ஒத்துக்கொள்ளவில்லைதான். கடற்படைத் தளபதியாக வேறொருவர் நடித்தார். நல்ல உயரம், நல்ல நிறம். வண்ணக்காரரும் மனைவியும் அதை ஒரு பாகம் பார்த்தார்கள். அலையெல்லாம் நீலத் துணி என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது, அந்த நீலம் கலந்ததும் அவர் கடையில்தான் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே வந்தார். இடையில் வீட்டுத் தொலைபேசி அடித்தது. மனைவி எழுந்திருக்கப்போனாள்.

"நீ உக்காரு" என்றார் அவர்.

எடுத்துக் காதில் வைத்தார். "சொல்லுங்க மேடம்" என்றது எதிர்முனை.

"மேடம் இல்லைங்க, சார். சொல்லுங்க, என்ன விஷயம்?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதற்காக நிதானமாகக் காத்திருந்தார்.