இரண்டு ஜான்கள்

என் கணவர் கில்பர்ட்டை அடக்கம் செய்த மறுமாதமே, குலச்சின்னங்களைச் சரிபார்க்கும் அரசாங்க அதிகாரி எங்கள் வட்டாரத்துக்கு வந்துவிட்டார். சின்னம் வைத்திருக்கும் வீட்டார் தங்கள் வம்சத்தை அவரிடம் நிரூபிக்க வேண்டும். முடியாதவர்களின் பெயரைச் சந்தையில் நின்று சொல்லி, "இவர் கனவான் அல்ல" என்று கூவுவார்கள். செத்தவர்களுக்கும் விலக்கில்லை. கில்பர்ட்டின் நினைவாகத் தேவாலயச் சுவரில் நான் மாட்டிய குலச்சின்னப் பலகையையும் இறக்கிவிடுவார்கள். கனவான் பட்டத்தால் எனக்கு இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. பலகை அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹென்ஷா என்ற அந்த அதிகாரி மழையில் நனைந்து வந்திருந்தார். காலணியைக் கழற்றி எங்கள் அடுப்பருகே வைத்த பிறகுதான் பேசினார்.

"உங்க வீட்டுக்காரரோட தாத்தா யாரும்மா?"

"ஜான் வெல்ஸ்போர்ட். தேவாலயத்துல கல்லறை இருக்கே, சர் ஹம்ஃப்ரி, அவரோட மகன்."

"அந்த ஜான் சின்னப் பையனாவே செத்துட்டான். அவனுக்குப் பேரன் ஏது?"

"செத்தது பெரிய ஜான். இவர் சின்ன ஜான்."

"போற வீட்லயெல்லாம் இதான் சொல்றாங்க. தேவைப்படுறப்ப ஒரு ரெண்டாவது ஜான் முளைச்சிடுறான்."

அவரைக் குறை சொல்ல முடியாது. ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தகப்பன் பெயரையே அதற்கு வைப்பது எங்கள் வழக்கம். இரண்டு பிள்ளைகளின் ஞானத்தகப்பன்மாரும் ஜான் என்றால், ஒரே வீட்டில் இரண்டு ஜான்கள் வளர்வது சாதாரணம். பொய் சொல்கிறவர்களுக்கும் அது வசதி.

வாதாடத் தெம்பில்லாமல் அவரைத் தேவாலயத்துக் கல்லறைக்கு அழைத்துப் போனேன். அதன் பக்கவாட்டில் சர் ஹம்ஃப்ரியின் பிள்ளைகள் சிறு சிலைகளாக மண்டியிட்டிருக்கிறார்கள், காலடியில் பெயர்களோடு. போர் நாட்களில் படைவீரர்கள் அத்தனை தலைகளையும் உடைத்துவிட்டார்கள்.

"தலையில்லாத பிள்ளைங்ககிட்ட நான் என்னத்தைம்மா கேக்குறது?"

"கையைப் பாருங்க."

தகப்பனுக்கு முன்பே இறந்த பிள்ளையின் கையில் மண்டையோடு செதுக்குவார்கள். ஒரு ஜான் மண்டையோட்டை ஏந்தியிருந்தான். அடுத்த ஜான் வெறுங்கைகளைக் கூப்பியிருந்தான்.

"குனிஞ்சு உடைக்க அவனுங்களுக்கு இடுப்பு வளையல போல" என்றார் எங்கள் பின்னால் வந்து நின்ற டோபிட், தேவாலயத்தில் சவக்குழி வெட்டுகிறவர்.

ஹென்ஷா அந்தக் கைகளை விரலால் தடவிப் பார்த்தார். தரையிலேயே உட்கார்ந்து எழுதினார். சின்ன ஜான், அவர் மகன், பேரன் கில்பர்ட்.

"அடுத்து?"

"ரால்ஃப். என் மகன்."

"அவருக்குப் பிள்ளைங்க?"

"இல்ல. அம்மை போட்டு, அப்பாவுக்கு முன்னாடியே போயிட்டான்."

பேனா அங்கேயே நின்றது. கீழே தாளில் நிறைய இடம் மிச்சமிருந்தது.

"பலகை இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

அந்தப் பலகையில், இறந்துவிட்டதால் கணவன் பக்கம் கறுப்பு. உயிரோடிருப்பதால் என் பக்கம் வெள்ளை.

"டோபிட், வண்ணக்காரரை வரச்சொல்லி என் பாதியையும் இப்பவே கறுப்பாக்கிடலாமா? நான் போனப்புறம் அவர்கிட்ட சொல்லி மாத்த யார் இருக்கா?"

"நான் இருக்கேன்ல?"

"உனக்கு என்னைவிட வயசு கூட."

"அதனாலென்ன? எனக்குக் குழி வெட்ட ஒரு ஆள் கிடைக்காம நான் எப்படிம்மா சாகுறது?"

மறுத்துப் பேசவும் அலுப்பாக இருந்தது. வெள்ளைப் பாதி அப்படியே இருக்கிறது.