மாடியில் இருந்த ஆறு ஸ்டூல்கள்

ஐம்பத்திரண்டு வயதில் முதுகில் பையை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்புகிற ஆளைச் சென்னைப் புறநகரான அஸ்தினாபுரம் அதற்கு முன் பார்த்ததில்லை. பர்வேஸ் பாய்க்கு அதில் கூச்சமே கிடையாது. மற்ற நாளெல்லாம் குரோம்பேட்டையில் ஜவுளிக்கடை முதலாளி. சனிக்கிழமை வந்தால் தாம்பரத்துக் கல்லூரி ஒன்றில் மனித உரிமைப் பட்டயப் படிப்பு மாணவர். வாலிபத்தில் படிக்க ஆசைப்பட்டபோது அவருடைய தகப்பனார், வீட்டில் அத்தா, கல்லாவில் உட்கார வைத்துவிட்டார். அந்த ஆசை இத்தனை வருடம் கழித்துப் பழி தீர்த்துக்கொண்டது. வகுப்புப் பிள்ளைகள் முதல் வாரம் அவரை ‘அங்கிள்’ என்றார்கள். மனைவி பஷீரா கட்டிக்கொடுத்த சமோசாவைச் சாப்பிட்ட பிறகு ‘அண்ணா’ ஆகிவிட்டார்.

படித்ததை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும் ஆளும் அல்ல அவர். புடவை எடுக்க வந்தவர்கள் மனித மாண்பைப் பற்றியும் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

அதே கடையில் ஒரு வழக்கம் இருந்தது. விற்பனைக்கு நிற்கும் ஐந்து பெண்களும் உண்மையிலேயே நிற்க வேண்டும். காலை ஒன்பதரையிலிருந்து இரவு எட்டரை வரை, சாப்பாட்டு நேரம் போக, கவுண்டருக்குப் பின்னால் நின்ற கால்தான். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டம் வந்தபோது பாய் உடனே ஆறு ஸ்டூல் வாங்கினார். பில்லைப் பத்திரமாக ஃபைலில் சொருகினார். ஸ்டூல்களைப் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் மாடி குடோனில் அடுக்கினார். ஆபீசர் யாராவது வந்தால் இறக்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. கஸ்டமர் நுழையும்போது சேல்ஸ் பெண் உட்கார்ந்திருந்தால் கடை தூங்குகிறது என்று நினைப்பார்கள், இது அத்தா காலத்து நம்பிக்கை.

பாய் கல்நெஞ்சக்காரர் அல்ல. யாருக்காவது காய்ச்சல் என்றால் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்புவார். பண்டிகைக்குக் கடையிலேயே நல்ல புடவையாகப் பார்த்துக் கொடுப்பார். நல்ல மனிதர்கள் செய்யும் தப்பு அவர்கள் கண்ணுக்கே தெரியாது, அதுதான் வம்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை அருள்மேரி வந்து நின்றாள். ஒன்பது வருடமாகக் கடையில் இருப்பவள். அவள் புடவையை ஒரு வீச்சில் விரித்தாள் என்றால் வேண்டாம் என்று வந்தவர்களும் ரெண்டு எடுப்பார்கள்.

“பாய், இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்.”

“ஏம்மா, வேற கடையில கூப்பிட்டாங்களா?”

“அதெல்லாம் இல்ல பாய். காலு வீங்கிப் போவுது. ரொம்ப நேரம் நிக்கவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. வேலய வுட எனக்கு மட்டும் ஆசயா? பொண்ணு பன்னெண்டாவது படிச்சிக்கினு கீது.”

பாய் நம்பவில்லை. வேறு கடைக்காரன் எவனோ இழுத்துவிட்டான் என்று பஷீராவிடம் புலம்பினார். புலம்பல் ஓய்வதற்குள் அந்தச் சனிக்கிழமை வகுப்பில் பேச வேண்டிய செமினார் நினைவுக்கு வந்துவிட்டது. மனிதர் எல்லாரும் மதிப்பில் சமம் என்பதைக் கண்ணால் கண்ட ஓர் உதாரணத்தோடு விளக்க வேண்டும் என்று பேராசிரியர் ஞானையா சொல்லியிருந்தார். பாய் உதாரணத்தை விட்டுவிட்டு உலக வரலாற்றையே பதினாறு பக்கம் எழுதி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும் கடையில் கூட்டமில்லை. ஒத்திகை பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா?

“எல்லாரும் இங்க வாங்கம்மா. நான் பேசுறேன், கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லணும்.”

அவர் கல்லா நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தார். ஐந்து பேரும் எதிரே வரிசையாக நின்றார்கள். அடிமை வியாபாரம், உலகப் போர்கள், ஐ.நா. சபை என்று பாய் நாற்பது நிமிடம் உலகத்தைச் சுற்றினார். பெண்கள் இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறிக்கொண்டார்கள். அருள்மேரி கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“டவுட் எதுனா இருந்தா கேளுங்க, தயங்காதீங்க!” என்றார் பாய், முகமெல்லாம் பூரிப்பாக.

“பாய், இவ்ளோ உரிம சொன்னீங்களே, உக்கார்றதுக்கு எதுனா உரிம கீதா?” என்று கேட்டாள் அருள்மேரி.

கேள்வி கேட்டால் பாய்க்குக் குஷி. “என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? நம்ம தமிழ்நாட்டுலயே சட்டம் இருக்கு! கடையில வேலை பாக்குற எல்லாருக்கும் உக்கார இடம் குடுத்தே ஆகணும். ஓனர் குடுக்கலன்னா அது...”

வார்த்தை பாதியில் நின்றது. வகுப்பில் சொல்வதாக நினைத்துச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, தான் எந்த நாற்காலியில் உட்கார்ந்து அதைச் சொல்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

“அப்ப மாடியில அந்த ஆறு ஸ்டூலும் இன்னா பண்ணிக்கினு கீது பாய்?” என்றாள் அருள்மேரி. குரலில் கோபம்கூட இல்லை.

கடைசியில் நின்ற பெண்ணுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. பாய்க்குக் காது சிவந்தது. அதட்டலாம் என்று வாயைத் திறந்தவர் அருள்மேரியின் காலைப் பார்த்தார். செருப்பு வார் பதிந்து கணுக்கால் உப்பியிருந்தது. ஒன்பது வருடமாகத் தன் எதிரிலேயே இருந்த கால். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நேரே மாடிக்குப் போனார். கீழே வரும்போது இரண்டு கையிலும் இரண்டு ஸ்டூல். மூன்று நடை நடந்தார். மூச்சு வாங்க, கவரைத் தானே பல்லால் கிழித்துப் போட்டார்.

“உக்காரும்மா.”

“கஸ்டமர் வருவாங்களே பாய்.”

“வரட்டும். வந்தா பாத்துக்கலாம்.”

அருள்மேரி உட்கார்ந்ததுதான் தாமதம், கீழ்க்கட்டளையிலிருந்து வருகிற சாவித்ரி டீச்சர் உள்ளே நுழைந்தார். இருபது வருட வாடிக்கை. டீச்சர் ஸ்டூல்களைப் பார்த்தார், உட்கார்ந்திருந்த அருள்மேரியைப் பார்த்தார், எதிரே கஸ்டமருக்குப் போட்டிருந்த நாற்காலியில் தானும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“அப்பாடா! நீ நின்னுண்டே இருந்தா எனக்கு என்னவோ அவசரப்படுத்தற மாதிரியே இருக்கும் அருள்மேரி. இன்னிக்குத்தான் நிம்மதியா பாக்கப் போறேன். எடு, எல்லாத்தையும் எடு!”

அன்று டீச்சர் ஒன்றுக்கு மூன்றாகப் புடவை எடுத்தார். அத்தா காலத்து நம்பிக்கை சத்தமில்லாமல் வாசல் வழியாக வெளியே போயிற்று. மாசக் கடைசியில் நிற்கிற பேச்சை அருள்மேரியும் எடுக்கவில்லை, பாயும் எடுக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் பாய் பதினாறு பக்கத்தையும் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஆறு ஸ்டூல் கதையை, தன் தப்பு ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவரும் கூடச் சிரித்தார். ஞானையா கேட்டார்: “இதுலேர்ந்து நீங்க கத்துக்கிட்டது என்ன சார்?”

“உரிமைங்கிறது எங்கயோ தூரத்துல பறிபோறதுன்னு நெனச்சிட்டு இருந்தேன் சார். இல்ல. அதை நானே கவர் பிரிக்காம மாடியில பூட்டி வச்சிருந்தேன். அடுத்தவங்க உரிமையைப் பத்திப் பேசுறதுக்கு முன்னால, நம்மகிட்ட மாட்டிட்டு இருக்கிற உரிமையை எடுத்துக் குடுத்துடணும்.”

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு செமினாருக்கு ஒத்திகை. ஐந்து பெண்களும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். கையில் தாளோடு பாய் எதிரே நின்றார். அரைமணி ஆனதும் இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறினார். அதைக் கவனித்த அருள்மேரி மிச்சமிருந்த ஆறாவது ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள்.

“உக்காந்து பேசுங்க பாய். அந்தச் சட்டம் உங்களுக்கும் சேத்துதான்.”