திருத்துவதற்கு முன்

கூட்ட அறையின் பெரிய ஸ்பீக்கரில் என் அக்கா சுருதி விலகிப் பாடினாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மூட மறந்து நின்றேன்.

எங்கள் கம்பெனி பாடகர்களுக்கும் ஸ்டுடியோக்களுக்கும் மென்பொருள் விற்கிறது. புதிதாக வந்திருப்பது குரலைச் சுருதியில் நிறுத்துவது. பாடியது எங்கே இறங்கியிருக்கிறதோ அந்த இடத்தை மட்டும் தூக்கி நிறுத்தும். அதற்கு விளம்பரம் எழுதுவது என் வேலை. சின்ன வயதில் அக்காவோடு நானும்தான் பாட்டுக் கற்றேன். அவளுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. பாட வராவிட்டாலும் பாட்டுக்குப் பக்கத்திலாவது இருக்கலாம் என்று இந்த வேலைக்கு வந்தேன். இத்தனை வருஷமாகப் பக்கத்திலேயே இருக்கிறேன், ஒரு பாட்டை முழுசாகக் கேட்ட ஞாபகம் இல்லை. ‘உங்கள் குரலை உங்களுக்கே திருப்பித் தருகிறோம்’ என்ற வரி நான் எழுதியதுதான். ஒரு வார்த்தை மாற்றக்கூடாது என்று அதற்காகச் சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

விளம்பர வீடியோவில் ‘முன்’ என்று ஒரு குரல் வரும், அடுத்து ‘பின்’ என்று அதே குரல் திருத்தப்பட்டு வரும். அதற்குத்தான் அக்காவைக் கெஞ்சிக் கூப்பிட்டு நாலு வரி பாட வைத்தேன். அவள் ஸ்டுடியோக்களில் கோரஸ் பாடுகிறவள். பேர் போட மாட்டோம், முகம் காட்ட மாட்டோம் என்று சொல்லியிருந்தேன். வந்தாள், செருப்பைக் கழற்றிவிட்டுப் பாடினாள், வீட்டில் வேலை அப்படியே கிடக்கிறது என்று ஓடிவிட்டாள். மூன்றாவது வரியில் மேலே ஏறி நிற்கிற இடம் ஒன்று உண்டு. அங்கே அவள் இம்மியும் அசையவில்லை. ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டவள் நான்.

அதே இடத்தில்தான் இப்போது ஸ்பீக்கரில் குரல் சறுக்கியது. பிறகு ‘பின்’ வந்தது, குரல் நிமிர்ந்தது, எல்லோரும் கைதட்டினார்கள்.

“இது அக்கா பாடினது இல்லையே” என்றேன்.

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பேர் ஸ்லோகன். காபி கேட்பதைக்கூட விளம்பர வாசகம் மாதிரிதான் கேட்பார். “அவங்க பாடினதுதாம்மா. ரொம்ப நல்லா பாடிட்டாங்க, அதான் சிக்கல். முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசமே தெரியல. அப்புறம் எவன் வாங்குவான்? லேசா இறக்கச் சொன்னேன்.”

“அவளைக் கேக்காமலா?”

“சோப்பு விளம்பரத்துல சட்டையை அழுக்காக்கிக் காட்டுறாங்க. சட்டைகிட்ட கேட்டுட்டா செய்றாங்க?”

மறுபடியும் சிரிப்பு. ‘முன்’னைக் கொஞ்சம் கெடுத்து வைப்பது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான், எனக்கும் தெரியும். வீடியோவை எடுக்கச் சொன்னேன். காலையிலேயே வெளியே போய்விட்டது, நன்றாக ஓடுகிறது, ஓடுகிற குதிரையை எதற்கு நிறுத்த வேண்டும் என்றார். அந்த ஆள் என் தோளில் தட்டி, “உன் வரியும் பிரமாதம்” என்று வேறு சொன்னார்.

கம்பெனியின் ஒலிப்பதிவாளரை எல்லோரும் காதுக்காரர் என்போம். நடைவழியில் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். “ரெண்டே ரெண்டு இடத்துலதாம்மா இறக்கினேன். மனசே இல்ல. அப்புறம் நம்ம மென்பொருளை ஓட்டினா, அது பழையபடி கொண்டுவந்து நிறுத்திடுச்சு.” பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதற்கு ஒரு கம்பெனியே நடத்துகிறோம். அக்கா பாடிய அசல் பதிவை என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு, விடுப்புகூடச் சொல்லாமல் கிளம்பினேன்.

அக்கா வீட்டுக் கதவைத் திறந்தது மாமா. “வா. காலைலருந்து இதேதான். சோறுகூடத் தொடல” என்றார் தாழ்ந்த குரலில். உள்ளறையிலிருந்து அந்த மூன்றாவது வரி வந்தது, நின்றது, மறுபடி முதலிலிருந்து வந்தது.

கட்டிலில் போனை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கோரஸ் பாடுகிறவர்கள் மூச்சு விடுவதை வைத்தே இன்னாரென்று சொல்லிவிடுவார்கள். பேரை மறைத்து என்ன பிரயோஜனம்? வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆளாளுக்கு வீடியோவை அனுப்பி, ‘இது நீதானே?’ என்று கேட்டிருந்தார்கள். இத்தனை வருஷம் பின்வரிசையில் நின்றவளை ஒரு இசையமைப்பாளர் முதல்முறையாகத் தனிப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். வெள்ளிக்கிழமை பதிவு.

“கீழ இறங்கினது எனக்கே தெரியலடி. அதான் பயமா இருக்கு” என்றாள். “தொண்டை போனா கஷாயம் குடிக்கலாம். காது போச்சுன்னா?”

“நீ இறங்கவே இல்லக்கா. அவங்க இறக்கியிருக்காங்க. விக்கிறதுக்காக.”

என் கையைத் தட்டிக்கொடுத்தாள். “எனக்காகச் சொல்றே. ஆறுதல்கூட உனக்கு விளம்பரம் மாதிரியேதான் வருது.”

எனக்குச் சுருக்கென்றது. போனை எடுத்து அசல் பதிவை ஓடவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டாள். அந்த இடம் வந்தது. குரல் ஏறி, அசையாமல் நின்றது. பார்த்தாயா என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“நல்லாத்தான் இருக்கு. இது திருத்தினதுதானே?”

“இல்லக்கா, இதுதான் நீ பாடினது!”

“வீடியோவுல பின்னாடி வருதே, அதேதான்டி இது. ஒரு இழை வித்தியாசம் இல்ல.”

அவள் சொன்னது சரி. இரண்டும் ஒன்றுதான். அவள் காது அத்தனை துல்லியமாக இருந்ததால்தான் அவளுக்கு அது தெரிந்தது. அதைச் சொன்னால் அதையும் ஆறுதல் என்பாள். உண்மையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு திருடி மாதிரி விழித்தேன். காதுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லட்டுமா என்று கேட்டேன். “அவரும் உங்க கம்பெனிதானே” என்றாள்.

“வெள்ளிக்கிழமை?”

“தொண்டை சரியில்லன்னு எழுதி வச்சிருக்கேன். இன்னும் அனுப்பல.”

“அனுப்பாதே. அந்த மெஷினும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். இப்ப பாடு. நான் கேக்குறேன்.”

“உன் காதையா நம்புறது?” என்று கேட்டு, அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது. கதவருகில் மாமா தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தார்.

அக்கா எழுந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் தெருவே கேட்கப் பாடுகிறவள் அவள். கீழே யாரோ வண்டியை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலின் ஒரு கதவை இழுத்துச் சாத்தினாள். பிறகு மற்றதை. இத்தனை நாள் போடாமலே துருப்பிடித்துப்போன தாழ்ப்பாள் இறங்க மறுத்தது. இரண்டு கையாலும் அதை அழுத்திக்கொண்டே நின்றாள்.