தினைப் பெட்டிக்குள் ஒரு கை

கிபெலே அன்னை எழுந்திருக்கவில்லை.

பெர்கமோன் அரங்கில் கொம்பு ஊதி முடித்திருந்தார்கள். உட்கார்ந்திருக்கும் தேவியின் மரச் சிலை தானாக எழுந்து, கிண்ணத்துப் பாலைக் கீழே ஊற்ற வேண்டும். அந்தச் சிலையைச் செய்தவர் என் கணவர் ஹெர்மியாஸ். பீடத்துக்குள் நாங்கள் இருவரும் ஒடுங்கிக் கிடந்தோம்.

நெட்டைப் பெட்டி நிறையத் தினை; அதன்மேல் ஈயப் பாளம். அடித்துளையில் தினை ஒழுக ஒழுகப் பாளம் இறங்கும், கயிற்றை இழுக்கும், சிலை எழும். இரண்டு நாள் மழையில் தினை ஊறி இறுகிப்போயிருந்தது. ஒரு மணிகூட விழவில்லை.

"ஆத்தாளுக்கு முட்டி வலிடா! எண்ணெய் தடவி விடுங்க!" என்று படிகளிலிருந்து எவனோ கத்த, கூட்டம் சிரித்தது.

பலகை இடுக்கில் ஆளுநரின் காரியக்காரன் கலாயிசின் முகம் தெரிந்தது. "ஆளுநரு மூஞ்சி மாறுதுய்யா. போன மாசம் மேடை சிக்குனதுக்கு மூணு தச்சனுங்களக் கரடிகிட்ட விட்டாரு. ஞாபகம் இருக்கில்ல?"

ஹெர்மியாஸ் பெட்டியின் பக்கத் திறப்பில் கையை நுழைத்துப் பார்த்தார். போகவில்லை.

"நகருங்க, என் கை போகும்."

"வேணாம் மிர்ட்டோ. பாளம் இறங்கிட்டா கை நசுங்கிடும்டி."

"கரடி மட்டும் கைய மிச்சம் வைக்குமா?"

கையை விட்டுக் கிளறினேன். புளித்த நாற்றம். நகத்தால் சுரண்டினேன். சட்டென்று அத்தனையும் சரிந்தது. கையை இழுத்தேன், இரண்டு விரல்கள் வரவில்லை.

என் அலறல் உள்ளீடற்ற சிலைக்குள் ஏறி அதன் வாய் வழியே வெளியேறியது. அதே நேரம் சிலை எழுந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது.

"அன்னை பேசிட்டா!" என்று யாரோ அழுதார்கள்.

கணவர் தன் மேலாடையைக் கிழித்துக் கட்டுப் போட்டார். முடிச்சைப் பல்லால் இறுக்கினார். கலாயிஸ் மறுபடி வந்தான். முகமெல்லாம் பல்.

"அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நாளைக்கு ரோமாபுரி விருந்தாளிங்க வர்றாங்க. அந்த அலறலும் வேணுமாம்." என் கட்டைப் பார்த்தான். பிறகு நல்ல கையைப் பார்த்தான்.

வெயில் தாழுமுன் தோல் வண்டி ஒன்றில், பச்சைத் தோல்களுக்கு அடியில் பதுங்கி ஊரைவிட்டு ஓடினோம். துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்தபோது ஒரு மீன்காரி வியந்து வியந்து சொன்னாள்: மறுநாளும் அன்னை அலறினாளாம், முதல் நாளைவிட நெடுநேரம்.

உள்ளே யாரை அடைத்தார்கள் என்று கேட்க எங்களுக்குத் துணிவில்லை.